பூனைக்குட்டியும் சாப்பாட்டுத் தட்டும்: பிடிவாதம் யாருடையது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்றைக்குப் பெரிய விஷயம் எதுவும் பேசப் போவதில்லை. எடை போட்டால் ஒரு கிலோ கூடத் தேறாத ஒரு பூனைக்குட்டியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் இருக்கிற ஐந்து பேரையும் அந்தக் குட்டி மூன்று வாரம் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. கடைசியில் எங்கம்மா, "இதக் கொண்டுபோய் மீன் மார்க்கெட்ல உட்டுட்டு வா, அங்கயாவது வயிறு ரொம்பும்" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது.

நேயர்களில் பல பேர் இதே கேள்வியை அனுப்பியிருக்கீங்க. தட்டில் வாய் வைக்கிறது, தள்ளிவிட்டாலும் திரும்ப வருகிறது, அடித்தாலும் கேட்கவில்லை, என்ன பண்றது? அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே, இதற்குப் பின்னால் இருக்கிற காரணங்களையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டு வீடு, இரண்டு குட்டி

எங்கள் தெருவில் ஒரு கடைக்குப் பின்னால் பூனை ஒன்று குட்டி போட்டிருந்தது. ஒருநாள் தாய்ப்பூனை வரவில்லை. இரண்டு நாள் பார்த்தோம், அப்புறமும் வரவில்லை. குட்டிகளுக்கு அப்போது ஐந்து வாரம் இருக்கும். கறுப்புக் குட்டியை நாங்கள் எடுத்துக்கொண்டோம். பெயர் மிளகு. வெள்ளைக் குட்டியைத் திண்டிவனத்தில் இருக்கிற அக்கா வாங்கிக்கொண்டு போனாள். அதற்கு அவள் பிள்ளைகள் சீனி என்று பெயர் வைத்தார்கள்.

மிளகுக்கு ரசம் சாதம், இட்லி, வடை, மீன் குழம்பு எல்லாமே வேண்டும். தட்டு வைக்கிற சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடும். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். குட்டிக்கு அது ரொம்ப வசதி, தட்டு அதன் மூக்குக்கு நேராகவே இருக்கும். தள்ளிவிட்டால் இடது பக்கம் போய் வலது பக்கமாக வரும். கையில் இருக்கிற கவளத்தைப் பிடித்து இழுக்கும். ஒருநாள் ஆயாவின் கையைக் கீறிவிட்டது.

அக்காவிடம் போனில் கேட்டால், "சீனி அப்படியெல்லாம் பண்ணாதே, அது பாட்டுக்குத் தூங்குது" என்பாள். ஒரே வயிற்றில் பிறந்தவை, இதற்கு மட்டும் சுபாவம் சரியில்லை என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அப்புறம் அக்கா குடும்பம் ஒரு கல்யாணத்துக்காகப் பத்து நாள் வெளியூர் போக வேண்டி வந்தது. சீனியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். முதல் மூன்று நாள் தங்கமான பிள்ளை. நான்காவது நாள் அப்பாவின் தட்டிலிருந்து வடையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ஒரு வாரத்தில் மிளகுக்கும் சீனிக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இரண்டு குட்டிகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் குறை குட்டியிடம் இல்லாமல் எங்கள் வீட்டிடம் இருக்குமோ என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோன்றியது.

முதலில் வயிற்றைக் கவனிக்க வேண்டும்

பழக்கத்தை மாற்றுவது பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. குட்டிக்கு உண்மையிலேயே பசிக்கிறதா?

குட்டிகள் நான்காவது வாரத்தில் கெட்டி உணவைத் தொட ஆரம்பித்து, ஏழெட்டு வாரத்தில்தான் தாய்ப்பாலை முழுதாக விடும். ஐந்து வாரத்தில் தாயைப் பிரிந்த குட்டி பாதிப் பாடத்தில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி. எதைச் சாப்பிடுவது, எவ்வளவு வேகத்தில் சாப்பிடுவது, பக்கத்தில் இருப்பவரை எவ்வளவு வலிக்கிற மாதிரி கடிக்கலாம் என்பதையெல்லாம் அது தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான் கற்றுக்கொள்ளும்.

இன்னொன்று, வளர்கிற குட்டிக்கு அதன் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரிய பூனையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி தேவை. ஆனால் வயிறோ சின்னது. அதனால் ஆறு மாதம் வரைக்கும் ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை கொடுக்க வேண்டும். நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? காலையில் ஒரு கிண்ணம் பால் சோறு, ராத்திரி ஒரு கிண்ணம் பால் சோறு. வயிறு உப்பலாகத் தெரிந்ததால் நன்றாகத்தான் சாப்பிடுகிறது என்று நினைத்தோம்.

அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதலில் குடற்புழு மருந்து கொடுத்தார். தெருவில் பிறந்த குட்டிகளுக்கு உருண்டைப் புழு இருப்பது ரொம்ப சாதாரணம். தாய்ப்பால் வழியாகவே வந்துவிடும். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தால் அதை முதலில் சந்தேகப்பட வேண்டும். புழு இருக்கிற குட்டிக்கு எவ்வளவு ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தாலும் பசிதான் ஜெயிக்கும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் மருத்துவரிடமே கேளுங்கள். நாய்க்கு வாங்கிய மருந்தில் பாதியைக் கொடுப்பது என்கிற வேலையே வேண்டாம்.

விழுப்புரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி, பக்கத்திலேயே புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிக்கலான கேஸ் என்றால் அங்கேயும் காட்டலாம்.

பால் சோறு ஏன் போதாது?

பூனை கட்டாய மாமிச உண்ணி. நாய் மாதிரி எதையும் சாப்பிட்டுச் சமாளித்துக்கொள்ள அதனால் முடியாது. டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. மனித உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடம்பு தேவையான அளவுக்குத் தயாரிக்காது, மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். டாரின் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை கெட்டுப்போகும் என்பது 1975-லேயே தெரிந்துவிட்டது. இதயமும் பலவீனமாகி விரிந்துவிடும் என்பதை 1987-ல் அமெரிக்காவில் டேவிஸ் நகரத்தில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பால் பியான் என்கிற கால்நடை மருத்துவரும் அவர் கூட வேலை பார்த்தவர்களும் காட்டினார்கள். அதற்கப்புறம் பூனைத் தீவனக் கம்பெனிகள் டாரினின் அளவைக் கூட்டின.

சோற்றில் டாரின் கிடையாது. பாலில் இருப்பது போதாது. பால் இன்னொரு தொல்லையும் தரும். தாய்ப்பால் மறந்ததும் பாலில் இருக்கிற சர்க்கரையைச் செரிக்கிற திறன் பூனைக்குக் குறைய ஆரம்பிக்கும். நிறைய குட்டிகளுக்குப் பசும்பால் கொடுத்தால் வயிற்றால் போகும். "பூனைன்னா பால் குடிக்கும்" என்று நாம் காலம்காலமாகச் சொல்கிறோம். குடிக்கும்தான். ஆசையாகக் குடிப்பதெல்லாம் ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தம் இல்லையே.

நாங்கள் இப்போது கொடுப்பது, குட்டிகளுக்கென்றே விற்கிற முழு உணவு ஒரு நாளைக்கு நான்கு வேளை. அதோடு அவித்த முட்டை கொஞ்சம், அல்லது உப்பு காரம் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி, மீன். மீன் என்றால் முள் எடுத்து, வேகவைத்துத்தான். மத்தி, நெத்திலி மாதிரி மீன்களைத் தினமும் பச்சையாகப் போட்டால் பி1 வைட்டமின் அழிந்துவிடும். கருவாட்டில் உப்பு ரொம்ப அதிகம். வெறும் கறி மட்டும் போடுவதும் சரியில்லை, சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு பலவீனமாகும்.

ரசம் சாதத்தில் அப்படி என்ன இருக்கிறது?

பூனைக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணர்கிற ஏற்பியில் ஒரு பாதியை உருவாக்க வேண்டிய மரபணு பூனைகளில் வேலை செய்வதில்லை. 2005-ல் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிற மோனெல் ஆய்வு நிலையத்தின் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே கேசரியை நக்குகிற பூனை சர்க்கரைக்காக வரவில்லை, நெய்க்காக வருகிறது. வடைக்கு வருவது எண்ணெய் வாசனைக்காக. மீன் குழம்புக்கு வருவதைச் சொல்லவே வேண்டாம்.

ரசம் சாதத்துக்கு ஏன் வருகிறது? நாங்கள் கவனித்துப் பார்த்தோம். வெறும் தட்டில் ரசம் சாதத்தை மட்டும் கீழே வைத்தால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. எங்கள் கையிலிருந்து வந்தால் மட்டும் வேண்டும். அப்படியென்றால் அது தேடி வருவது ரசத்தை இல்லை, தட்டுக்குப் பக்கத்தில் நடக்கிற ஏதோ ஒன்றை. அது என்ன என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை.

சின்ன வெங்காயம் ஒன்று போதும்

"ஒரு வாய் குழம்பு சாதம்தானே, குடுத்தா என்ன?" என்று நினைப்பவர்களுக்கு இது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். அதில் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பூனையின் ஹீமோகுளோபின் அமைப்பு இந்தத் தாக்குதலுக்கு நம்முடையதைவிட ரொம்ப எளிதாக மாட்டிக்கொள்ளும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் என்ற அளவிலேயே பூனைகளின் ரத்தத்தில் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. மிளகின் எடை ஒரு கிலோவுக்கும் கீழே. 5 கிராம் என்பது ஒரே ஒரு சின்ன வெங்காயம்.

வேகவைத்தாலும் வதக்கினாலும் விஷம் போகாது. சாம்பார், காரக்குழம்பு, சால்னா, பிரியாணி எல்லாவற்றிலும் இது இருக்கிறது. வெங்காயத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டுக் கறியை மட்டும் கொடுத்தாலும் சாறு இறங்கியிருக்கும். அறிகுறி உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும். ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், சோர்ந்து படுத்துக்கொள்ளும், சிறுநீர் பழுப்பாகப் போகும். இதில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குட்டிக்கு உடம்பு சுடுகிறது என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது உயிரையே எடுத்துவிடும்.

ஆகவே தட்டில் வாய் வைப்பதை நிறுத்துவது நமக்கு எச்சில் படுகிறது என்பதற்காக மட்டும் இல்லை. குட்டியின் உயிருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

பிடிவாதம் எப்படி வளர்கிறது?

1898-ல் எட்வர்ட் தார்ண்டைக் என்கிற அமெரிக்க உளவியலாளர் பூனைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். பசியோடு இருக்கிற பூனையை ஒரு மரக்கூண்டில் விடுவார். வெளியே சாப்பாடு இருக்கும். உள்ளே ஒரு கயிற்றையோ கட்டையையோ சரியாகத் தொட்டால் கதவு திறக்கும். முதல் தடவை பூனை பிராண்டும், கடிக்கும், கத்தும். தற்செயலாகக் கயிற்றைத் தொட்டு வெளியே வரும். அடுத்தடுத்த தடவைகளில் நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் உள்ளே விட்டதும் நேராகக் கயிற்றுக்குப் போகும். எதைச் செய்தால் பலன் கிடைத்ததோ அது ஒட்டிக்கொள்ளும், பலன் தராதது உதிர்ந்துபோகும் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

எங்கள் வீடுதான் அந்தக் கூண்டு. மிளகு கத்திப் பார்த்தது, சுற்றி வந்தது, காலைப் பிராண்டியது. ஒருநாள் கையை இழுத்தபோது ஆயா, "பாவம், வாயில்லா ஜீவன்" என்று மீன் துண்டைக் கிள்ளிப் போட்டது. கயிறு எது என்று மிளகுக்குத் தெரிந்துபோனது.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. தினமும் கொடுத்திருந்தால் கூட இவ்வளவு பிடிவாதம் வந்திருக்காது. ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பரிசு எப்போது கிடைக்கிறது என்பது பழக்கத்தை எப்படி மாற்றுகிறது என்று புறாக்களையும் எலிகளையும் வைத்து வருடக்கணக்கில் பார்த்து, 1957-ல் பெரிய புத்தகமாகவே போட்டார்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் சில தடவை மட்டும் கிடைக்கிற பரிசுதான் பழக்கத்தை ரொம்பக் கெட்டியாக்கும். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் நிறுத்த மாட்டார் இல்லையா, அதே கணக்கு.

எங்கள் வீட்டில் அம்மா கொடுக்கவே மாட்டார்கள். நான் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். தம்பி போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதால் அவன் தட்டிலிருந்து எடுப்பது அவனுக்கே தெரியாது. அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொடுப்பார். ஆயா கேட்டபோதெல்லாம் கொடுக்காது, ரொம்ப நேரம் கத்தினால் மட்டும் கொடுக்கும். அதாவது ரொம்ப நேரம் கத்தினால் கிடைக்கும் என்று நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து அதற்குப் பாடம் எடுத்திருக்கிறோம்.

கத்துவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது குறைவு, அது பெரும்பாலும் மனிதர்களிடம் மட்டும்தான். 2009-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்ப் குழுவினர், சாப்பாடு கேட்கிறபோது சில பூனைகள் போடுகிற 'குர்ர்' சத்தத்துக்குள் குழந்தை அழுகை மாதிரி ஒரு மெல்லிய கீச்சொலி கலந்திருப்பதைக் காட்டினார்கள். பூனை வளர்த்துப் பழக்கமில்லாதவர்களுக்குக் கூட அது அவசரமாகக் கேட்பதாகத் தோன்றுகிறதாம். அதனால் ஆயாவை மட்டும் குறை சொல்ல முடியாது.

தெனாலிராமன் வழி

அடித்தால் என்ன என்று கேட்கலாம். நமக்கெல்லாம் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. ராயர் ஆளுக்கொரு பூனையும், அதற்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் தருகிறார். தெனாலிராமன் முதல் நாளே கொதிக்கிற பாலை வைக்கிறான். வாய் வெந்த பூனை அதற்கப்புறம் பாலைக் கண்டாலே ஓடுகிறது. நாம் சிரித்துவிடுகிறோம். கதையில் அந்தப் பூனை எலும்பும் தோலுமாக ஆகிப்போகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

தண்டனையில் சிக்கல் இதுதான். குட்டி எதைக் கற்றுக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை. தட்டைத் தொட்டதற்காக நான் அடித்தால், தட்டுக்கும் அடிக்கும் முடிச்சுப் போடுமா, எனக்கும் அடிக்கும் முடிச்சுப் போடுமா? எங்கள் வீட்டில் இரண்டாவதுதான் நடந்தது. தம்பி தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பீய்ச்ச ஆரம்பித்தான். மிளகு தம்பியைக் கண்டால் பீரோ மேல் ஏறிக்கொள்ளும். தம்பி இல்லாதபோது தட்டுக்கு வரும். பயந்த குட்டி தற்காப்புக்காகக் கீறுகிற பழக்கமும் அப்போதுதான் கூடியது.

உறியும் காக்காயும்

எனக்கு வழி தெரிந்தது ஆயா பேச்சிலிருந்து. "எங்க காலத்துல பாலையும் தயிரையும் உறியில தொங்கவுட்ருவோம், பூனைய எவன் தொரத்திக்கிட்டு இருந்தான்" என்றது ஆயா. யோசித்துப் பாருங்கள். உறி கட்டியவர்கள் பூனையைத் திருத்தப் பார்க்கவில்லை. அதற்கு எட்டாதபடி வீட்டை அமைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, நம் பல வீடுகளில் காக்காய்க்குச் சோறு வைப்போம். சாப்பிடுவதற்கு முன்னால், சுவர் மேல், தினமும் அதே இடத்தில். காக்காய் நம் தட்டுக்கா வருகிறது? சுவருக்குத்தான் வருகிறது. அதற்குச் சோறு கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். திண்டிவனத்தில் அக்கா தெரியாமலே செய்துகொண்டிருந்தது இதைத்தான். பிள்ளைகள் சண்டை போடாமல் இருக்க, அவர்கள் உட்காருவதற்கு முன்னாடியே சீனிக்குப் பின்கட்டில் வைத்துவிடுவாள்.

இதை வைத்து நாங்கள் போட்டுக்கொண்ட ஒழுங்கு இது.

ஒன்று, நாங்கள் சாப்பிட உட்காருவதற்குக் கால்மணி நேரம் முன்னால் மிளகுக்குச் சாப்பாடு. இடம் பின்பக்கத் தாழ்வாரம். அதே கிண்ணம், அதே மூலை.

இரண்டு, அதற்கு முன்னால் ஐந்து பத்து நிமிடம் ஒரு கயிற்றைக் கட்டி இழுத்து விளையாட்டு. பூனை வேட்டை மிருகம். துரத்து, பிடி, தின்னு, நக்கிச் சுத்தம் பண்ணிக்கொண்டு தூங்கு என்பது அதன் வரிசை. விளையாடிச் சாப்பிட்ட குட்டிக்கு அடுத்து தூக்கம்தான் வரும்.

மூன்று, நாங்கள் சாப்பிடுகிற நேரத்தில் முதல் பத்து நாள் தாழ்வாரக் கதவைச் சாத்திவிட்டோம். உள்ளே தண்ணீர், படுக்கத் துணி, மண் தட்டு எல்லாம் இருக்கும். அது தண்டனை இல்லை, அது எங்கள் உறி.

நான்கு, தட்டிலிருந்தும் கையிலிருந்தும் யாரும் ஒரு பருக்கை கூடக் கொடுக்கக் கூடாது. ஆயாவுக்குக் கொடுக்கிற ஆசை இருக்கும் இல்லையா, அதைத் தடுக்கவில்லை. அவித்த முட்டையை ஒரு டப்பாவில் ஆயாவிடம் கொடுத்துவிட்டோம். சாப்பாடு முடிந்ததும், அந்த மூலையில் இருக்கிற கிண்ணத்தில் ஆயாதான் போட வேண்டும். கொடுக்கிற சந்தோஷம் போகவில்லை, இடம் மட்டும் மாறியது.

ஐந்து, வேறு ஒன்றைக் கற்றுக்கொடுப்பது. ஒரு கோணியைக் கூடத்து ஓரத்தில் விரித்து, மிளகு அதில் உட்கார்ந்தால் நாக்கால் 'டொக்' என்று ஒரு சத்தம் கொடுத்து, உடனே கடுகளவு கோழிக்கறி. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, இரண்டு நிமிடம்தான். பத்து நாள் கழித்துக் கதவைத் திறந்துவிட்டபோது, தட்டைவிடக் கோணியில் லாபம் அதிகம் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

ஆறு, சாப்பிட்டதும் தட்டை எடுத்துவிடுவது, பாத்திரத்தை மூடி வைப்பது, குப்பைக் கூடைக்கு மூடி போடுவது. திருடினால் கிடைக்கிற பரிசும் பரிசுதான்.

நடுவில் வருகிற மோசமான நாள்

இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். கிடைத்துக்கொண்டிருந்த பரிசு நின்றுபோனால், பழக்கம் குறைவதற்கு முன்னால் ஒரு தடவை ரொம்ப அதிகமாகும். லிஃப்ட் பட்டனை அமுக்குகிறோம், வரவில்லை என்றால் உடனே படியில் ஏற மாட்டோம். நாலைந்து தடவை வேகமாக அமுக்கிப் பார்ப்போம். அதே மாதிரிதான்.

எங்களுக்கு நான்காவது நாள் அது வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மீன் குழம்பு. கதவுக்கு அந்தப் பக்கம் மிளகு கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டார். அம்மா, "போதும் இந்தச் சித்திரவதை, அடுத்த வாரம் மார்க்கெட்தான்" என்றார்கள். அப்பா மனசு தாங்காமல் கதவைத் திறந்து ஒரு துண்டு போட்டுவிட்டார்.

அன்றைக்கு நான் அழுதேவிட்டேன். அவ்வளவு நேரம் கத்தினால் கதவு திறக்கும் என்பது மிளகுக்குப் புதுப் பாடம். அடுத்த மூன்று நாள் முன்பைவிட மோசம். அப்புறம் எல்லாரையும் உட்கார வைத்து, இந்த லாட்டரிக் கணக்கைச் சொன்னேன். அப்பாதான் முதலில் புரிந்துகொண்டார். "அப்போ நான் குடுத்தது அதுக்கு நல்லது இல்லை, என் மனசு ஆறத்தான்" என்றார். அதற்கப்புறம் அவர் கொடுக்கவில்லை. இரண்டாவது வாரக் கடைசியில் கத்துவது ஒரு நிமிடத்துக்கு வந்தது. மூன்றாவது வாரம், நாங்கள் சாப்பிடும்போது கோணியில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதும் கருவாடு வறுக்கிற அன்றைக்கு எழுந்து வரத்தான் செய்யும். அன்றைக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

கீறல் பட்டால்

ஆயா கையில் கீறியதைச் சொன்னேன் இல்லையா. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் ஆயா சொன்னது. அப்படி விடக் கூடாது. ரேபிஸ் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை, பூனையின் கடியாலும் கீறலாலும் வரலாம். வந்துவிட்டால் பிழைக்க வைப்பது அநேகமாக முடியாது. வராமல் தடுக்க முடியும். காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசமாகவே போடுகிறார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். குட்டிக்கும் மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

மார்க்கெட்டில் விட்டால் என்ன?

கடைசியாக, அம்மா சொன்ன அந்த வார்த்தைக்கு வருகிறேன். சாக்கில் கட்டிக்கொண்டுபோய் மீன் மார்க்கெட்டிலோ கல்யாண மண்டபத்துக்குப் பின்னாலோ விட்டுவிட்டு வருவது நம் ஊர்களில் சகஜம். அங்கே சாப்பாடு கிடைக்கும் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஆனால் அங்கே ஏற்கெனவே பெரிய கடுவன் பூனைகள் இருக்கும், நாய்கள் இருக்கும். வீட்டில் கையைப் பார்த்துச் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு மாதக் குட்டி அங்கேயும் மனிதர்களின் கையைத் தேடித்தான் போகும். பசியிலும் தாகத்திலும் தவிக்கிற நிலைமையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும் கூட.

உண்மையிலேயே வளர்க்க முடியவில்லை என்றால், அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிற இன்னொரு வீட்டைத் தேடுங்கள். கொடுக்கும்போது அதன் பழக்கத்தையும் சொல்லிக் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தத் தேவை வரவில்லை. சீனி திண்டிவனத்துக்குத் திரும்பிப் போய், இரண்டே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது என்று அக்கா சொன்னாள். மிளகு இங்கேதான் இருக்கிறது. மார்க்கெட் பேச்சை அம்மா இப்போது எடுப்பதில்லை. ஆனால் தினமும் பன்னிரண்டே முக்கால் ஆனதும், "மணி ஆச்சு, அதுக்கு வெச்சியா?" என்று முதலில் கேட்பது அம்மாதான்.

உங்கள் வீட்டுக் குட்டி எப்படி? தட்டுக்கு வருகிறதா? முதலில் ஒரு வாரம், யார் யார் எப்போது கொடுக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். விடை அதிலேயே இருக்கும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.